பீட்ரூட், மாதுளை கொடுத்தும் ஹீமோகுளோபின் ஏறலையா? குழந்தைகளின் ரத்த சோகை பற்றி பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

"புள்ளைக்கு ரத்தம் கம்மியா இருக்காம்" என்று டாக்டர் சொன்னதும், வீட்டுக்குப் போகும் வழியிலேயே பீட்ரூட், மாதுளை, பேரீச்சம்பழம் எல்லாம் பைக்குள் வந்துவிடும். இரண்டு மாதம் தினமும் ஜூஸ் போட்டுக் கொடுத்துவிட்டு மறுபடியும் டெஸ்ட் எடுத்தால், அதே 9 தான் வருகிறது. தப்பு எங்கே நடக்கிறது?

இது ஏதோ ஒன்றிரண்டு வீட்டுப் பிரச்சினை அல்ல. 2019-21-ல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 6 மாதம் முதல் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67.1 சதவீதம் பேருக்கு ரத்த சோகை இருக்கிறது. தமிழ்நாட்டில் இது 57.4 சதவீதம். அதாவது, இரண்டு குழந்தைகளில் ஒருவருக்கு மேல்!

எவ்வளவு இருக்க வேண்டும்?

உலக சுகாதார நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 6 மாதம் முதல் 2 வயதுக்குள் 10.5 கிராம், 2 முதல் 5 வயதுக்குள் 11 கிராம், 5 முதல் 11 வயது வரை 11.5 கிராம், 12 முதல் 14 வயது வரை 12 கிராம். இந்த அளவுக்குக் கீழே போனால் ரத்த சோகை. (இது ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் இருக்க வேண்டிய அளவு.) 5 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 7-க்குக் கீழே இறங்கினால் அது தீவிர நிலை. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ரிப்போர்ட் வருவதற்கு முன்பே சில அறிகுறிகள் தெரியும். கண்ணின் கீழ் இமை உட்புறம், உதடு, உள்ளங்கை எல்லாம் வெளுத்துப் போயிருக்கும். குழந்தை சீக்கிரம் சோர்ந்துவிடும், சரியாகச் சாப்பிடாது. சில குழந்தைகள் மண், சாக்பீஸ், பல்பம், பச்சரிசி என்று தேடித் தேடித் தின்பார்கள். "கெட்ட பழக்கம்" என்று திட்டி விட்டுவிடக் கூடாது. இரும்புச்சத்துக் குறைபாட்டின் அறிகுறியாகவும் அது இருக்கலாம்.

ஏன் குறைகிறது?

தாயின் வயிற்றிலேயே சேர்த்து வைத்த இரும்புச்சத்துதான் குழந்தைக்கு முதல் ஆறு மாதம் கைகொடுக்கிறது. அதன் பிறகு தாய்ப்பாலில் கிடைக்கும் இரும்பு மட்டும் போதாது. அந்த நேரத்தில் கஞ்சி, இட்லி, பால் சாதம் என்றே ஓட்டினால் கையிருப்பு கரைந்துவிடும். குறைமாதத்தில், எடை குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்கு இது இன்னும் சீக்கிரமாகவே நடக்கும்.

பல வீடுகளில் கவனிக்காமல் விடுவது பால். "சாப்பிடலைன்னாலும் பரவாயில்ல, பாலாவது குடிக்கட்டும்" என்று நாலைந்து டம்ளர் கொடுப்பார்கள். பசும்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. மற்ற உணவில் இருக்கும் இரும்பை உடல் எடுத்துக்கொள்வதையும் அது தடுக்கும். வயிறு பாலிலேயே நிறைந்துவிட்டால் சாப்பாடும் இறங்காது. ஒரு வயதுக்கு மேல் நாளைக்கு 400 முதல் 500 மில்லி வரை போதும். ஒரு வயதுக்குள் பசும்பாலைத் தாய்ப்பாலுக்கு மாற்றாகக் கொடுக்கவே கூடாது. குழந்தைகளுக்கு டீ, காபியும் வேண்டாம்.

இன்னொரு காரணம் குடல் புழு. குறிப்பாக, வெறுங்காலோடு மண்ணில் நடக்கும்போது தோல் வழியாக உள்ளே போகும் கொக்கிப்புழு, குடலில் இருந்து ரத்தத்தை உறிஞ்சும்.

ஜூஸ் குடித்தால் ஏன் ஏறுவதில்லை?

பீட்ரூட் சிவப்பாக இருப்பதற்குக் காரணம் அதன் நிறமி, இரும்பு அல்ல. 100 கிராம் பீட்ரூட்டில் ஒரு மில்லிகிராமுக்கும் குறைவாகவே இரும்பு இருக்கிறது. மாதுளையில் சுமார் 0.3 மில்லிகிராம்தான். ஆனால், 1 முதல் 3 வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்குத் தேவை சுமார் 8 மில்லிகிராம். கணக்குப் போட்டால், மாதுளையை மட்டும் நம்பினால் தினமும் இரண்டரை கிலோவுக்கு மேல் கொடுக்க வேண்டும்!

அசைவம் சாப்பிடும் வீடுகளில் ஈரல், மீன், முட்டை கொடுக்கலாம். நம்ம ஊர் பாட்டிகள் "ரத்தம் ஊறும்" என்று சுவரொட்டி சமைத்துக் கொடுப்பதிலும் நியாயம் இருக்கிறது. ஆட்டின் மண்ணீரலான அதில் இரும்பு அதிகம். இறைச்சியில் இருக்கும் இரும்பை உடல் எளிதாக எடுத்துக்கொள்ளும். சைவம் என்றால் கம்பு, கேழ்வரகு, கீரை, பயறு, கொண்டைக்கடலை. கூடவே எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா என்று வைட்டமின் சி உள்ள ஏதாவது ஒன்று இருந்தால், தாவர உணவில் உள்ள இரும்பு கூடுதலாக உடலில் சேரும்.

இவை எல்லாமே ரத்த சோகை வராமல் தடுக்கவும், ஏறிய அளவு மறுபடி இறங்காமல் காக்கவும் உதவும். ஏற்கெனவே 8, 9 என்று இறங்கிவிட்ட குழந்தைக்கு உணவு மட்டும் போதாது, இரும்புச்சத்து மருந்து தேவை.

மருந்து எவ்வளவு, எப்படி?

இரும்புச்சத்துக் குறைபாட்டுக்கான சிகிச்சையில் பொதுவாக எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 3 மில்லிகிராம் இரும்பு என்று கணக்கிடுவார்கள். 10 கிலோ குழந்தைக்கு 30 மில்லிகிராம். ஆனால், ஒவ்வொரு கம்பெனி சிரப்பிலும் ஒவ்வொரு அடர்த்தி. பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு எழுதிக்கொடுத்த 5 மில்லி, உங்கள் குழந்தைக்குக் கூடுதலாகவோ குறைவாகவோ போய்விடும். அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

அங்கன்வாடி மற்றும் சுகாதாரப் பணியாளர்கள் மூலம் இலவசமாகக் கிடைக்கும் சிரப் போதாதா? 2018-ல் தொடங்கிய ரத்த சோகை இல்லா இந்தியா திட்டத்தின்படி, 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வாரம் இரண்டு முறை 1 மில்லி. அதில் ஒவ்வொரு முறையும் 20 மில்லிகிராம், வாரத்துக்கு மொத்தம் 40. சிகிச்சையில் இருக்கும் 10 கிலோ குழந்தைக்கோ வாரத்துக்கு 210 மில்லிகிராம் தேவை. முதலாவது தடுப்பு, இரண்டாவது சிகிச்சை. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. 5 முதல் 9 வயது வரை வாரம் ஒரு ரோஸ் நிற மாத்திரையும், 10 வயதுக்கு மேல் வாரம் ஒரு நீல நிற மாத்திரையும் தடுப்புக்காகத் தரப்படுகின்றன. பிப்ரவரி, ஆகஸ்ட் மாதங்களில் கொடுக்கப்படும் குடற்புழு நீக்க மாத்திரையையும் தவறவிடாதீர்கள்.

சிரப்பை பாலோடு கலந்து கொடுக்கவே கூடாது. சாப்பாட்டுக்கு இடைப்பட்ட நேரத்தில் கொடுப்பது நல்லது. வாந்தி வந்தால் சாப்பிட்ட பிறகு கொடுக்கலாம். மலம் கறுப்பாகப் போகும், பல்லில் கறை படியும். இதைப் பார்த்துப் பயந்துபோய் பலர் நிறுத்திவிடுகிறார்கள். இது மருந்தால் வரும் மாற்றம்தான். கொடுத்ததும் வாய் கொப்பளிக்க வைத்தால் கறை குறையும்.

முக்கியமான எச்சரிக்கை: சிரப், மாத்திரை எதுவானாலும் குழந்தையின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். இனிப்பாக இருக்கிறது என்று பாட்டிலோடு குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

எப்போது நிறுத்தலாம்?

சரியாகக் கொடுத்தால் ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் சுமார் ஒரு கிராம் ஏறும். 9 என்பது 11-க்கு மேல் வந்ததும் "சரியாயிடுச்சு" என்று பாட்டிலை ஓரம் வைப்பதுதான் அடுத்த தவறு. ரத்தத்தில் அளவு ஏறினாலும் உடலின் சேமிப்பு இன்னும் காலியாகத்தான் இருக்கும். அது நிரம்ப மேலும் இரண்டு, மூன்று மாதம் தொடர வேண்டும். பாதியில் விட்டால் சில மாதங்களில் பழைய நிலைக்கே வந்துவிடும்.

ஒரு மாதம் ஒழுங்காகக் கொடுத்தும் ஏறவில்லையா? டோஸைக் கூட்டுவது தீர்வல்ல. தலசீமியா, அரிவாள் செல் நோய் போன்ற பரம்பரைக் காரணம், வைட்டமின் பி12 குறைபாடு, எங்காவது ரத்தக் கசிவு என்று வேறு ஏதாவது இருக்கலாம். முழு ரத்தப் பரிசோதனை, ஃபெரிட்டின், தேவைப்பட்டால் ஹீமோகுளோபின் வகையைக் கண்டறியும் டெஸ்ட் எடுத்தால் தெரிந்துவிடும். காய்ச்சல் இருக்கும்போதும், தீவிர ஊட்டச்சத்துக் குறைபாடு இருக்கும்போதும் டாக்டரைக் கேட்காமல் இரும்பு மருந்து கொடுக்க வேண்டாம்.

"வளர்ந்தா தானா சரியாயிடும்" என்று ஏன் விடக் கூடாது?

மூளை வேகமாக வளர்வது முதல் இரண்டு வயதில். அப்போது இரும்புச்சத்துக் குறைபாடு நீண்ட நாள் நீடித்தால் கவனம், கற்கும் திறன், நடத்தை எல்லாம் பாதிக்கப்படலாம். பின்னாளில் ஹீமோகுளோபினை ஏற்றிவிட்டாலும் அந்த பாதிப்பு முழுதாகச் சரியாகாமல் போகலாம். விளையாடாமல் ஓரமாக உட்கார்ந்திருக்கும் குழந்தையை "அமைதியான புள்ள" என்று பாராட்டுவதற்கு முன், உள்ளங்கையை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். வெளுத்திருந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு துளி ரத்தத்தில் செய்யும் பரிசோதனையே பதில் சொல்லிவிடும்.