ஐந்தெண்ணிக்கையில் ஒரு மாலைப்பொழுது

உழைப்பின் களைப்பு உடலை விட்டு நீங்குவதற்கு உறக்கம் போதும். மனத்தின் களைப்பு நீங்குவதற்கு வேறொன்றும் தேவைப்படுகிறது. கொழிஞ்சாம்பாறையின் தென்னந்தோப்புகளிலும், மூணாற்றின் தேயிலைச் சரிவுகளிலும், குமுளியின் ஏலக்காய்த் தோட்டங்களிலும் பொழுது சாயும் வேளையில் வீட்டுக்கு வீடு ஏதோ ஒரு பாட்டு ஒலிப்பதன் காரணம் அதுவே. தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் இந்த எல்லைப்புறத்தில் இசைக்குத் தனிச் சோதனைச் சாவடி எதுவும் இல்லை. அந்தத் துணிவில், நம் செவிகளுக்குச் சற்றே புதிதான ஓர் இசைத்தொகுப்பை வாசகர்களுக்கு இக்கட்டுரையில் அறிமுகம் செய்ய விழைகிறேன்.

அதன் பெயர் ‘டூரிஸ்ட்’. ‘சான் ஜெர்மன்’ என்ற பெயரில் இயங்கும் பிரெஞ்சு இசைக்கலைஞர் லுதோவிக் நவார் இதனை உருவாக்கினார். 1939-இல் தொடங்கப்பட்ட புகழ்பெற்ற ஜாஸ் நிறுவனமான ப்ளூ நோட் 2000-ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டது. ஒன்பது உருப்படிகள், ஏறத்தாழ ஒரு மணி நேரம். இவ்வகை இசையை ஆசிட் ஜாஸ் என்றும் லௌஞ்ச் இசை என்றும் அழைப்பர்.

பெயரைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை

‘ஆசிட்’ என்ற சொல்லைக் கேட்டதும் அரிக்கும் திராவகம் நினைவுக்கு வரலாம். இசையோ மிக மென்மையானது. லண்டன் நடன அரங்குகளில் பழைய ஜாஸ் இசைத்தட்டுகளை ஒலிக்கச் செய்து, அவற்றோடு புதிய தாளக்கட்டுகளை இணைத்த இளைஞர்கள் வேடிக்கையாக வைத்த பெயர் அது. 1987-இல் கில்ஸ் பீட்டர்சன், எடி பில்லர் ஆகிய இருவரும் அதே பெயரில் ஓர் இசைத்தட்டு நிறுவனத்தையும் தொடங்கினர். அந்த இசையின் வேகத்தைக் குறைத்து, அமர்ந்து கேட்பதற்கேற்ப அமைத்தபோது அது ஓய்வறை இசையாக மலர்ந்தது.

நம் செவிகளுக்கு இது முற்றிலும் அந்நியமும் அன்று. பாலக்காடு மாவட்டம் எலப்புள்ளியில் 1928-இல் பிறந்த எம்.எஸ். விசுவநாதன், தம் திரைப்பாடல்களில் சாக்ஸபோன், டிரம்பெட் ஆகிய கருவிகளை வைத்து ஜாஸ் இசையின் சாயலைத் தமிழ் வீடுகளுக்குள் கொண்டுவந்தார். இடுக்கி மலைகளின் கிழக்குச் சரிவில், தேனி மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, 1986-இல் ‘ஹௌ டு நேம் இட்’ என்ற கருவியிசைத் தொகுப்பை வெளியிட்டு, பாடல் வரிகளின் துணையின்றியும் ஒரு தொகுப்பை நாம் கேட்டு மகிழ இயலும் என்று காட்டினார். ஆக, இம்மலைத்தொடரின் இரு பக்கங்களும் நம் செவிகளை முன்னரே பண்படுத்தி வைத்துள்ளன.

பழைய வைப்பின் புதிய வட்டி

‘டூரிஸ்ட்’ தொகுப்பின் முதல் உருப்படி ‘ரோஸ் ரூஜ்’. இதில் நாம் கேட்கும் பெண்குரல், மார்லினா ஷா என்ற அமெரிக்கப் பாடகி 1973-இல் சுவிட்சர்லாந்தின் மான்ட்ரோ விழாவில் பாடியபோது பதிவு செய்யப்பட்டது. அதில் இழையோடும் தாளத் துணுக்கு, டேவ் புரூபெக் குழுவினரின் ‘டேக் ஃபைவ்’ என்ற 1959-ஆம் ஆண்டுப் பதிவிலிருந்து எடுக்கப்பட்டது. இவ்வாறு பழைய ஒலிப்பதிவின் ஒரு பகுதியை எடுத்துப் புதிய இசைக்குள் பொருத்துவதைச் சாம்ப்ளிங் என்பர். முன்னோர் இட்ட வைப்பிலிருந்து பின்னோர் வட்டி பெறுவதைப் போன்றது இது. அம்மூலத் துணுக்குகளைச் சுற்றி சாக்ஸபோன், டிரம்பெட், புல்லாங்குழல், பியானோ ஆகியவற்றை வாசித்தவர்களோ உயிருள்ள கலைஞர்கள். ‘மான்டிகோ பே ஸ்ப்ளீன்’ என்ற உருப்படியில் ஜமைக்காவின் மூத்த கித்தார் கலைஞர் எர்னெஸ்ட் ராங்லின் வாசித்துள்ளார்.

‘டேக் ஃபைவ்’ பற்றி இங்குச் சிறிது கூறியே ஆக வேண்டும். மேற்கத்திய மெல்லிசை பெரும்பாலும் நான்கெண்ணிக்கையில் நடப்பது. இதுவோ ஐந்தெண்ணிக்கையில் நடக்கிறது. நம் கண்டசாபு தாளத்தில் ‘தக தகிட’ என்று இரண்டும் மூன்றுமாக எண்ணுவோம். ‘டேக் ஃபைவ்’ அதனைத் திருப்பி, ‘தகிட தக’ என்று மூன்றும் இரண்டுமாக எண்ணுகிறது. பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கத்தைக் கேட்டு வளர்ந்த குடும்பங்களுக்கு இக்கணக்கு கைவிரலில் தானே வந்து அமரும். புரூபெக் குழுவினர் 1958-இல் அமெரிக்க அரசின் சார்பில் இந்தியாவுக்கு வந்தபோது, சென்னையில் மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையைச் சந்தித்து அவருடைய வாசிப்பைக் கேட்டு வியந்தனர் என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது.

கேட்கும் முறை

இவ்விசையைப் பின்னணியில் ஓடவிட்டு வேறு வேலை பார்ப்பதே பலரின் வழக்கம். அதில் பிழையில்லை, எனினும் ஒரு முறையேனும் அமர்ந்து கேளுங்கள். முதற்சுற்றில் தாளத்தை மட்டும் பின்தொடருங்கள். இரண்டாம் சுற்றில் அடியில் நடக்கும் பேஸ் கித்தாரைத் தேடுங்கள். மூன்றாம் சுற்றில் ஏதேனும் ஒரு கருவியை, சான்றாக ‘ஸோ ஃப்ளூட்’ உருப்படியில் புல்லாங்குழலை, தொடக்கம் முதல் முடிவு வரை விடாது கேளுங்கள். ஒரே சொற்றொடர் திரும்பத் திரும்ப வருவது போலத் தோன்றும். கூர்ந்து கேட்டால் ஒவ்வொரு சுற்றிலும் ஏதோ ஒன்று சேர்ந்திருப்பதையோ விலகியிருப்பதையோ உணர்வீர்கள். அதை உணரும் கணத்தில் அன்றைய கவலைகள் சற்று நேரம் ஒதுங்கி நிற்கும்.

ஒலியளவில் கவனம் தேவை. பெரியவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரத்திற்கு 40 மணி நேரம் என்பதே உலகச் சுகாதார நிறுவனம் காட்டும் பாதுகாப்பான வரம்பு. பேருந்தின் இரைச்சலை வெல்வதற்காகச் செவிப்பொறியின் ஒலியைக் கூட்டிக்கொண்டே செல்வது நன்றன்று.

சாக்ஸபோன் கலைஞரின் உயில்

‘டேக் ஃபைவ்’ இசையை இயற்றியவர் குழுவின் தலைவர் புரூபெக் அல்லர். அக்குழுவில் சாக்ஸபோன் வாசித்த பால் டெஸ்மண்ட். அவர் 1977-இல் காலமானார். அந்த உருப்படியிலிருந்து தமக்கு வரவேண்டிய உரிமைத்தொகை முழுவதும் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்திற்குச் சேர வேண்டும் என்று தம் உயிலில் அவர் எழுதியிருந்தார். அவர் மறைந்து பல்லாண்டுகள் ஆகியும் அத்தொகை துயருற்றோரின் உதவிக்குச் சென்றுகொண்டிருக்கிறது. சில நிமிட இசையும் சில வரி எழுத்தும் சேர்ந்து செய்த அறம் இது.

நம் நாட்டிலும் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி ஓர் இசைப்படைப்பின் உரிமை, அதனை இயற்றியவரின் வாழ்நாளுக்குப் பின் 60 ஆண்டுகள் நீடிக்கிறது. இசை இயற்றுவோருக்கு மட்டுமே உரிய செய்தி என்று இதனைக் கடந்துவிட வேண்டா. ஏலக்காய் விற்ற பணமும், தோட்டத் தொழிலாளியின் சேமநல நிதியும், நெல் கொள்முதல் தொகையும் உடையவரின் காலத்திற்குப் பின்னும் எவரையேனும் சென்றடைய வேண்டியவையே. கணக்கில் தொகை இருந்தும், நாமினி எனப்படும் நியமனதாரரின் பெயர் எழுதப்படாமையால், துக்கம் ஆறாத ஒரு மனைவியோ மகளோ சான்றிதழ்களைத் தேடி அலைவதைக் கிளைகளில் பணியாற்றும் எங்களைப் போன்றோர் காண நேர்கிறது. எல்லையின் ஒருபுறம் வீடும் மறுபுறம் தோட்டமும் உடைய குடும்பங்களுக்கு அந்த அலைச்சல் இரட்டிப்பாகிறது. நியமனதாரர் தொகையைப் பெற்றுக்கொள்ளும் தகுதி உடையவர். அது இறுதியில் யாருக்கு உரியது என்பதை உயிலோ வாரிசுரிமைச் சட்டமோ தீர்மானிக்கும். ஆகவே இரண்டையும் காலத்தே செய்து வைப்பது நன்று.

வரும் விடுமுறை நாளின் மாலையில் ‘டூரிஸ்ட்’ தொகுப்பை ஒலிக்கச் செய்து, குடும்பத்தினரோடு அமர்ந்து கேளுங்கள். அடுத்து ‘டேக் ஃபைவ்’ ஒலிக்கட்டும். ‘தகிட தக’ என்று பிள்ளைகளுக்குத் தாளம் போடக் கற்றுக்கொடுங்கள். அவர்கள் உங்களைவிட விரைவில் பிடித்துக்கொள்வர். இசை முடிந்ததும் கணக்குப் புத்தகத்தை எடுத்து, நியமனதாரர் பதிவாகியுள்ளாரா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.