காணொலி இருந்தால் போதுமா?

பண்டமாரான் – சாலை விபத்தா, சங்கிலிப் பறிப்பா, அக்கம்பக்கத்துத் தகராறா, எதுவானாலும் "சிசிடிவியில் பதிவாகியிருக்கிறது" என்று சொல்லிவிட்டால் பேச்சு முடிந்துவிடும். இனி அப்படி முடிவதில்லை.

செயற்கை நுண்ணறிவு (ஏஐ) ஒருவரின் முகத்தையும் குரலையும் எடுத்து, அவர் சொல்லாததைச் சொல்ல வைக்கிறது. இதைத்தான் டீப்ஃபேக் என்கிறார்கள். பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம், பாடகி டத்தோஸ்ரீ சித்தி நூர்ஹலிசா ஆகியோரின் முகங்கள்கூட போலி முதலீட்டு விளம்பரங்களில் பயன்படுத்தப்பட்டுள்ளன. 2018இல் காலமான கலைஞர் கருணாநிதி, 2024 ஜனவரியில் டி.ஆர்.பாலுவின் நூல் வெளியீட்டில் திரையில் தோன்றி வாழ்த்தினார். அது ஏஐ என்பதில் ஒளிவுமறைவில்லை. அதே காணொலி விளக்கமில்லாமல் புலனத்தில் வந்தால் எத்தனை பேர் நம்புவார்கள்?

இரண்டு கேள்விகள்

2019 ஜூனில், அப்போதைய பொருளாதார விவகார அமைச்சர் அஸ்மின் அலியைத் தொடர்புபடுத்தி ஆபாசக் காணொலி ஒன்று பரவியது. அதில் இருப்பது தாம் அல்ல என அவர் மறுத்தார். காணொலி உண்மையானது என்றாலும், முக அடையாளப் பகுப்பாய்வில் அதிலிருப்பவர் யார் என உறுதிப்படுத்த முடியவில்லை என்று ஜூலையில் அப்போதைய தேசிய போலீஸ் படைத் தலைவர் அப்துல் ஹமிட் பாடோர் அறிவித்தார். 2020 ஜனவரியில், யார் மீதும் குற்றம் சாட்டப்படாது எனச் சட்டத்துறைத் தலைவர் டோமி தோமஸ் தெரிவித்தார்.

காணொலி திருத்தப்பட்டதா என்பது ஒரு கேள்வி. அதில் இருப்பது யார் என்பது வேறு கேள்வி. புலனக் குழுக்களில் இரண்டையும் ஒன்றாக்கி, ஒரு நிமிடத்தில் தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

யாருக்கு இழப்பு?

ஏமாறுவதோடு இது நிற்பதில்லை. வழக்கறிஞர் வைக்க வசதியில்லாத தொழிலாளிக்கும், வீட்டை இழக்கும் தோட்டக் குடும்பத்துக்கும் கைப்பேசிப் பதிவுதான் சாட்சி. "இதெல்லாம் ஏஐ" என்று எதிர்த்தரப்பு எளிதாகத் தள்ளிவிட முடிந்தால், பாதிக்கப்படுவது அவர்கள்தாம்.

அதனால் அசல் பதிவைக் காப்பது முக்கியம். புலனத்தில் அனுப்பும்போது காணொலி சுருங்கி, தெளிவு குறைகிறது. எடுத்த நேரம், கருவி பற்றிய விவரங்களும் பெரும்பாலும் அழிந்துவிடுகின்றன. அசலைக் கைப்பேசியிலேயே வைத்திருங்கள். சிசிடிவி பழைய பதிவின் மேலேயே புதியதைப் பதியும்; சம்பவம் நடந்தவுடன் நகல் எடுத்து, தேதி, நேரம், எடுத்தவர் பெயரைக் குறித்துக்கொண்டு போலீசில் புகார் செய்யுங்கள். கணினிவழிப் பதிவுகளை நீதிமன்றம் ஏற்க, 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 90ஏ பிரிவு வழிவிடுகிறது. கருவிக்குப் பொறுப்பானவரின் சான்றிதழ் அங்கே கைகொடுக்கும்.

சந்தேகமான காணொலி வந்தால், பகிருமுன் மலேசிய தொடர்பு பல்லூடக ஆணையத்தின் 'ஐஃபா' சேவையில் தமிழிலேயே கேட்கலாம். போலி விளம்பரத்தை நம்பிப் பணம் அனுப்பிவிட்டால், தாமதிக்காமல் 997 எண்ணை அழையுங்கள்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய் என்று சொல்லி நிறுத்திவிடக் கூடாது. தீர விசாரிப்பதே மெய் என்பதையும் சேர்த்துத்தான் நம் பெரியவர்கள் சொன்னார்கள்.