பத்திராதிபரின் கடன்

(தொடர் கட்டுரை: 11)

மன்னார்குடி ஹரித்ராநதியின் வடகரையில் சென்ற வாரம் மாலை நேரத்தில் என்னைச் சந்தித்த இளம் கல்லூரி ஆசிரியர் ஒருவர், ஆராய்ச்சி இதழொன்றிலிருந்து கைப்பேசியில் தமக்கு வந்திருந்த கடிதமொன்றைக் காட்டி, "சார், பணம் கட்டினா மூணே நாள்ல போட்டுடறாங்களாம். அனுப்பிடட்டுமா?" என்று கேட்டார். கடைமடைக் கிராமங்களில் கிணற்றுநீர் உப்பேறிவருவதைப் பற்றி, இரண்டு வருஷம் வெயிலில் அலைந்து அவர் எழுதிய கட்டுரை அது. பிறர் எழுத்தைத் திருடுவோரின் குற்றத்தைச் சென்ற இதழில் ஆராய்ந்தோம். திருடாமலே, ஒரு வரியும் படிக்காமலே, பிரசுரத்தின் வழியாக இழைக்கப்படும் அநீதியொன்று உண்டென்பதை இந்தக் கேள்வி நினைவூட்டிற்று.

நமக்கு அண்டை ஊரான கும்பகோணத்தில் வளர்ந்து, கல்லூரிப் பரீட்சையில் தேறாமல், உத்தியோகமும் இன்றித் தவித்துக்கொண்டிருந்த ராமாநுஜன், பெர்னோலி எண்களைப் பற்றிய தமது முதற் கட்டுரையை இந்தியக் கணித சங்கத்தின் சஞ்சிகைக்கு அனுப்பியபோது, அதன் பத்திராதிபராக விளங்கியவர் பெங்களூர் சென்ட்ரல் காலேஜ் பேராசிரியர் எம். டி. நாராயண ஐயங்கார். நடுவிலுள்ள படிகளையெல்லாம் தாண்டித் தாவிச் செல்லும் அந்த எழுத்தைச் சாதாரண வாசகன் பின்தொடர முடியாது என்பதைக் கண்ட அவர், அதைப் புறக்கணித்து ஒதுக்கவுமில்லை, புரியாததைப் புரிந்ததாகப் பாவித்து அப்படியே அச்சேற்றவுமில்லை. கைப்பிரதி மூன்று முறை அவரிடமிருந்து ராமாநுஜனுக்கும் ராமாநுஜனிடமிருந்து அவருக்குமாகப் போய்வந்த பிறகே, 1911-ஆம் ஆண்டில் கட்டுரை வெளியாயிற்று. பட்டம் பெறாத ஓர் இளைஞனின் எழுத்துக்காக ஒரு பேராசிரியர் செலவிட்ட அந்த உழைப்பைத்தான் நான் பத்திராதிபரின் கடன் என்று கருதுகிறேன்.

இதைவிடக் கடினமானதொரு சோதனை, தஞ்சாவூர் ஜில்லாவைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்த சுப்பிரமணியன் சந்திரசேகருக்கு நேர்ந்தது. 1952 முதல் 1971 வரை அமெரிக்காவின் வானியற்பியல் சஞ்சிகைக்குப் பத்திராதிபராயிருந்து, தம் சொந்த ஆராய்ச்சிக்குரிய காலத்தில் பெரும்பகுதியை அதற்கே ஈந்தவர் அவர். 1958-ல் யூஜீன் பார்க்கர் என்ற இளம் விஞ்ஞானி, சூரியனிலிருந்து இடையறாது ஒரு காற்று வீசிக்கொண்டிருக்கிறது என்று கணித்து எழுதிய கட்டுரையை, அத்துறையில் பெயர் பெற்ற மதிப்பீட்டாளர் இருவரும் வேண்டாமென்று தள்ளிவிட்டார்கள். சந்திரசேகருக்கும் அக்கருத்து உவப்பாயில்லை. எனினும், அவர்களுடைய மறுப்பில் கணக்கின் பிழை ஒன்றேனும் குறிப்பாகச் சுட்டப்படவில்லை என்று பார்க்கர் வாதிட்டபோது, அந்த வாதத்தின் நியாயத்தை ஏற்று, அவர்களது தீர்ப்பையும் தம் அபிப்பிராயத்தையும் ஒருங்கே ஒதுக்கிவைத்துக் கட்டுரையைப் பிரசுரித்தார். நான்கு வருஷங்களுக்குப் பின், 1962-ல், வெள்ளிக் கிரகத்தை நோக்கிச் சென்ற மாரினர்-2 விண்கலம், அந்தக் காற்று மெய்யாகவே வீசுகிறதென்று அளந்து காட்டியது. 1935 ஜனவரியில், லண்டன் வானியல் சங்கக் கூட்டத்தில், எடிங்டன் என்னும் மாமேதை தம் முடிவை எல்லோர் முன்னிலையிலும் பரிகசித்ததை அனுபவித்த மனிதர் சந்திரசேகர். பெரியவர்களின் அதிருப்தி வேறு, நிரூபணத்தின் பிழை வேறு என்பதை அவருக்கு யாரும் எடுத்துச்சொல்ல வேண்டியிருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

அந்தச் சஞ்சிகையும் பக்கத்துக்கு இவ்வளவென்று கட்டணம் வசூலித்ததுதான். ஆகவே, பணம் வாங்குவது ஒன்றே பாவமென்று சொல்லத் துணியேன். அச்சுக்கும் தாளுக்கும் செலவுண்டு. வாசிப்பதற்குப் பதிலாக வாங்குவதே பாவம். 2013-ல் ஜான் போகனன் என்ற பத்திரிகையாளர், பள்ளி மாணவனும் கண்டுபிடிக்கத்தக்க பிழைகளை வேண்டுமென்றே புகுத்திய போலிக் கட்டுரையொன்றை 304 இதழ்களுக்கு அனுப்பியதில், 157 இதழ்கள் அதை ஏற்றுக்கொண்டன. அவற்றுள் நம் தேசத்திலிருந்து நடப்பவை அநேகம் என்பதை எழுதும்போது எனக்கு உண்மையிலேயே துக்கமாயிருக்கிறது. 2018 மே மாதத்தில் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை ஒரே அடியாக நீக்கியதும், அதுவரை அவை அப்பட்டியலில் இடம்பெற்றிருந்தன என்பதும் சேர்ந்து நினைக்கத்தக்கவை. எத்தனை கட்டுரை என்று எண்ணிப் பதவி உயர்வு தரும் வழக்கம் இருக்கும்வரை, அத்தகைய இதழ்களுக்குப் பஞ்சமிராது.

இவ்வளவையும் குளக்கரையில் நின்றுகொண்டு அந்த ஆசிரியரிடம் சொல்லவில்லை. "மூணு நாள்ல போடறவங்க உங்க கட்டுரையைப் படிக்க மாட்டாங்க, தம்பி. ரெண்டு வருஷம் உழைச்சதை ஒருத்தராவது படிக்க வேண்டாமா?" என்று மட்டும் கேட்டு, அவரை வீட்டுக்கு அழைத்துவந்தேன். அவருடைய துறை எனக்குத் தெரியாது. ஆனாலும் நிதானமாகப் படித்தேன். கட்டுரையின் தொடக்கத்தில் 14 கிணறுகள் என்றிருந்தது. மூன்றாம் அட்டவணையில் 12 கிணறுகளே இருந்தன. "மீதி ரெண்டு?" என்றேன். அவர் சற்று நேரம் யோசித்து, "சித்திரையில ரெண்டும் வத்திப்போச்சு சார். தண்ணி இல்லாததால அளவெடுக்கல. அதை எழுதணும்னு தோணல" என்றார்.

வற்றிய கிணறுகள் எந்தெந்த ஊரில் இருந்தன, எத்தனை அடி ஆழமுள்ளவை என்று அவர் நினைவிலிருந்து சொல்லச் சொல்ல, அட்டவணையின் அடியில் பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தோம்.