திமிலுக்கு மட்டுமே அனுமதி

சின்னமனூர் பக்கம் அய்யம்பட்டியிலோ பல்லவராயன்பட்டியிலோ ஜல்லிக்கட்டு நடக்கும் நாளில் ஒலிபெருக்கி ஓயாது. ‘வாலைப் பிடிக்காதே’, ‘கொம்பைப் பிடிக்காதே’, ‘வாடியை மறைக்காதே’ என்று காலையிலிருந்து கத்திக்கொண்டே இருப்பார்கள். வேடிக்கை பார்க்கப் போகிறவர்களில் பலருக்கு அது திருவிழா இரைச்சல். உண்மையில் அங்கே வாசிக்கப்படுவது 2017இல் தமிழக அரசு வகுத்த ஜல்லிக்கட்டு நடத்தை விதிகள்தான். அவற்றைத் தெரிந்துகொண்டு பார்த்தால், களத்தில் யார் ஜெயித்தார்கள், எந்தப் பிடி ஏன் செல்லாமல் போனது என்பது விளங்கும்.

முதலில் பிடி. திமிலை மட்டுமே தழுவலாம். திமிலைப் பிடித்தபடி 15 மீட்டர் தூரமோ, 30 விநாடியோ, காளையின் மூன்று துள்ளலோ தாக்குப்பிடித்தால் மாடு பிடிபட்டதாகக் கணக்கு. அதற்குமேல் தொங்கக் கூடாது, விட்டுவிட வேண்டும். கொம்பையோ வாலையோ காலையோ தொட்டால் அந்தப் பிடி செல்லாது. இரண்டு பேர் சேர்ந்து பிடித்தால் இருவருக்குமே பரிசில்லை என்பது விழாக் குழுக்களின் வழக்கம். யார் கைக்கும் சிக்காமல் எல்லைக்கோட்டைத் தாண்டினால் வென்றது மாடு; அண்டாவோ சைக்கிளோ கட்டிலோ அதை வளர்த்தவர் வீட்டுக்குப் போகும். முதலில் அவிழ்க்கப்படும் கோயில் காளையை யாரும் பிடிப்பதில்லை. அது எந்தச் சட்டத்திலும் எழுதாத விதி. ஆனாலும் மீறியவர் ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது.

வாலைத் தொட்டால் என்ன என்று இளவட்டங்கள் கேட்பதுண்டு. வால் என்பது முதுகெலும்பின் தொடர்ச்சி. அதற்குள்ளும் எலும்புக் கணுக்கள் உண்டு. முறுக்கினால் கணு விலகும், ஒடியும். 2014 மே 7இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தபோது, விலங்கு நல வாரியம் முன்வைத்த அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வந்தது இந்த வால்தான். முறுக்கினார்கள், கடித்தார்கள், கண்ணில் மிளகாய்ப் பொடி தூவினார்கள், சாராயம் ஊற்றினார்கள் என்று அவை கூறின. இன்று ஒலிபெருக்கியில் கேட்கும் ஒவ்வொரு ‘கூடாது’க்கும் பின்னால் அந்த அறிக்கைகள் இருக்கின்றன.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய சங்கதியும் அல்ல. அமெரிக்கக் கால்பந்தில் ஆட்டமே மோதி வீழ்த்துவதுதான். அங்கேயும் தலைக்கவசத்தின் முகக் கம்பியைப் பிடித்து இழுத்தால் நடுவர் மஞ்சள் துணியை வீசுவார். தவறு செய்த அணிக்கு 15 கஜம் தண்டம். பந்தோடு ஓடுபவரைப் பின்னாலிருந்து சட்டைக் கழுத்தைப் பற்றிச் சாய்த்ததில் கால் முறிவுகள் நேர்ந்த பிறகு, 2005இல் அந்தப் பிடிக்கும் தடை வந்தது. முரட்டு விளையாட்டு எதுவானாலும், எந்த இடத்தைப் பிடிக்கலாம் என்று வரையறுத்த பிறகே அது விளையாட்டாக நிற்கிறது.

களத்துக்கு வெளியே உள்ள விதிகள் இன்னும் நீளம். ஜனவரி முதல் மே வரைதான் ஜல்லிக்கட்டு நடத்தலாம். ஊரின் பெயர் அரசாணையில் வர வேண்டும், கலெக்டர் அனுமதி வேண்டும். வாடிவாசலுக்குப் பின்னால் காத்திருக்கும் ஒவ்வொரு காளைக்கும் 60 சதுர அடி இடமும் நிழலும் தண்ணீரும் வேண்டும். புலிக்குளம் காளையோ நம் மலைமாடோ, கால்நடை மருத்துவர் சோதித்து ஒப்புதல் தராமல் எதுவும் உள்ளே போகாது. மாடுபிடி வீரருக்கும் மருத்துவப் பரிசோதனை உண்டு. மது வாடை வந்தால் வெளியே நிற்க வேண்டியதுதான். இருபுறமும் 8 அடி உயரத்தில் இரட்டைத் தடுப்பு, பொதுப்பணித் துறை சான்று பெற்ற கேலரி, கேமரா என்று பட்டியல் போகிறது.

மீறினால் என்ன தண்டனை? களத்தில் அது உடனே கிடைக்கிறது. வாலைப் பிடித்தவர், வாடியை மறித்தவர், அடுத்தவர் எண்ணுள்ள பனியனைப் போட்டுக்கொண்டு இறங்கியவர் வெளியேற்றப்படுகிறார்கள். ஒரு வருடம் உடம்பைத் தயார் செய்துவிட்டு வந்தவருக்கு அதைவிடப் பெரிய தண்டனை இல்லை.

சட்டப் புத்தகத்தில்தான் நிலைமை மோசம். 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் 11ஆம் பிரிவின்படி, முதல் முறை வதைத்தவருக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய். மூன்றாண்டுக்குள் மறுபடி செய்தால் 25 முதல் 100 ரூபாய் வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மாட்டுக்கு ஒரு வேளைப் பருத்திக்கொட்டை வாங்கக்கூட இந்த 50 ரூபாய் போதாது. இதை உயர்த்த வேண்டும் என்று 2014 தீர்ப்பிலேயே உச்ச நீதிமன்றம் நாடாளுமன்றத்துக்குச் சொல்லியிருந்தது. ஜல்லிக்கட்டை நேசிப்பவர்கள்தாம் இந்தக் கோரிக்கையை முன்னின்று எழுப்ப வேண்டும் என்பது என் கருத்து. காளையை வதைப்பவனால் கெட்ட பெயர் காளை வளர்ப்பவனுக்குத்தான்.

பெரிய தண்டனை வேறொன்று இருக்கிறது. அது ஊருக்கே விழும். 2017 ஜனவரியில் மெரினாவிலும் அலங்காநல்லூரிலும் திரண்ட கூட்டத்தால் ஜல்லிக்கட்டை மீண்டும் அனுமதிக்கும் சட்டத் திருத்தம் வந்தது. அந்தத் திருத்தம் செல்லும் என்று 2023 மே 18இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. புதிய விதிகளால் காளைகளின் துன்பம் பெருமளவு குறைந்திருக்கிறது என்பதே அந்தத் தீர்ப்பின் அடிப்படை. அந்த விதிகளைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்த வேண்டும், அதற்கு மாவட்ட ஆட்சியர்களே பொறுப்பு என்றும் நீதிபதிகள் எழுதினார்கள். ஆகவே விதிகள் காகிதத்தோடு நின்றுபோனால், ஜல்லிக்கட்டுக்குக் கிடைத்த அனுமதியின் அடித்தளமும் சேர்ந்தே ஆட்டம் காணும்.

இவ்வளவு விதிகளிலும் அதிகம் மீறப்படுவது பார்வையாளருக்கான விதிதான். வாடிவாசலுக்கு எதிரே நிற்பவர் ஓரளவு உஷாராக இருப்பார். ஆபத்து, ஓடிவரும் காளைகளை உரிமையாளர்கள் பிடித்துக்கட்டும் கலெக்‌ஷன் பாயிண்டில் இருக்கிறது. நூற்றுக்கணக்கான கைகளிலிருந்து தப்பி, மிரண்டு, தன் ஆளைத் தேடி ஓடிவரும் காளைக்கு எதிரில் நிற்பது பிடிக்க வந்தவனா, பார்க்க வந்தவனா என்று தெரியாது. கயிற்றோடு காத்து நிற்கும் உரிமையாளர்களே அங்கே குத்துப்படுகிறார்கள். அந்த இடத்தில் காளைக்காரருக்கும் அவருடைய உதவியாளுக்கும் மட்டுமே வேலை.

அடுத்த தையில் அய்யம்பட்டிக்கோ பல்லவராயன்பட்டிக்கோ போகிறவர்கள் கேலரியில் உட்கார்ந்து பாருங்கள். படம் எடுக்க வேண்டுமென்று செல்போனோடு காளை ஓடும் பாதையில் இறங்காதீர்கள். பிள்ளைகளைக் கலெக்‌ஷன் பாயிண்ட் பக்கம் அழைத்துப் போகாதீர்கள்.