கேள்வியே பாடம்

பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தால் அது மனத்தில் ஊன்றிவிடும் என்பது பெற்றோரும் உபாத்தியாயர்களும் நெடுங்காலமாகக் கொண்டிருக்கும் அபிப்பிராயம். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் சர்வகலாசாலையில் ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் மனோதத்துவ அறிஞர் இருவர் நடத்தி 2006-இல் வெளியிட்ட பரிசோதனை அதை அசைத்துவிட்டது. மாணவர்கள் ஒரு பகுதியை இருமுறை வாசித்தார்கள். மற்றொரு பகுதியை ஒருமுறை மட்டும் வாசித்து, அதை மூடிவைத்துவிட்டு, நினைவில் நின்றதையெல்லாம் எழுதினார்கள். எழுதியதில் பிழை எதுவென்று ஒருவரும் திருத்திக் கொடுக்கவில்லை. ஐந்து நிமிஷம் கழித்துச் சோதித்தபோது இருமுறை வாசித்ததில் 81 சதவீதமும், எழுதிப் பார்த்ததில் 75 சதவீதமும் நினைவில் இருந்தன. ஒரு வாரம் சென்றபின் வாசித்தது 42 ஆகத் தேய்ந்தது. எழுதிப் பார்த்ததோ 56-இல் நின்றது.

நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் ஏட்டைப் பாராமல் முறை சொல்லிய வழக்கத்தில் இவ்வுண்மையின் ஓர் அம்சம் இருந்தது என்றே நான் கருதுகிறேன். பொருள் விளங்காத ஒப்புவித்தலாகவும் பிரம்புக்கு அஞ்சிய பயிற்சியாகவும் அது பல இடங்களில் முடிந்ததுதான் துரதிர்ஷ்டம். மதிப்பெண்ணும் தண்டனையும் இல்லாமல், வகுப்பின் முதல் ஐந்து நிமிஷத்தில், "போன வாரம் ஆவியாதலைப் பற்றிப் படித்தோமே, புத்தகத்தைத் திறக்காமல் சொல்லுங்கள், காற்று வீசினால் ஈரத்துணி ஏன் சீக்கிரம் உலர்கிறது?" என்று ஆசிரியர் கேட்பாரானால், அந்தக் கேள்வியே ஒரு பாடமாகும்.

ஆயினும் கேட்டால் மட்டும் போதாது. முதல் வரிசையில் ஒரு கை உயர்ந்தவுடன் அந்தப் பிள்ளையையே அழைத்துவிடுவது நமக்கெல்லாம் பழகிப்போன வழக்கம். கேள்வி கேட்ட ஆசிரியர் சராசரியாக ஒரு விநாடியே பொறுத்திருக்கிறார் என்று மேரி பட் ரோ என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1970-களில் எடுத்துக்காட்டினார்; அந்த அவகாசத்தை மூன்று விநாடியாக நீட்டியபோது விடைகள் நீண்டன, காரணம் சொல்லும் பழக்கம் வந்தது, அதுவரை வாய் திறவாத குழந்தைகளும் பேசத் தொடங்கினர். செலவில்லாத சீர்திருத்தம் இதைவிட வேறென்ன வேண்டும்?

இவ்வளவு எளிதான காரியம் பள்ளிதோறும் பரவாமைக்குக் காரணம், ஆசிரியர் தம் வகுப்பறைக்குள் தனியராய் விடப்பட்டிருப்பதே. இத்தனிமையைப் போக்கத் தக்கவர் தலைமையாசிரியர். அவர் செய்யும் காரியங்களுள் மாணவர் கல்விக்கு அதிகமாக உதவுவது எது என்று பல ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த நியூசிலாந்தின் விவியன் ராபின்சனும் அவர் சகாக்களும், ஆசிரியர்களின் பயிற்சியை ஊக்குவித்து அதில் தாமும் உடன் அமர்ந்து கற்பதே என்று 2008-இல் எழுதினார்கள். பதிவேடும் சுற்றறிக்கையும் கட்டட வேலையும் பொழுதையெல்லாம் விழுங்கிவிட்டால் அதற்கு வேண்டிய நேரத்துக்குத் தலைமையாசிரியர் எங்கே போவார்? கல்வி இலாகா அதிகாரிகள் தலைமையாசிரியரின் எழுத்து வேலையில் ஒரு பகுதியையேனும் குறைத்து, வாரத்தில் சில பீரியடுகள் அவர் வகுப்பறையின் கடைசி பெஞ்சில் உட்காரவும், மாலையில் ஆசிரியர்களோடு அதைப் பற்றிக் கலந்து பேசவும் வழிசெய்ய வேண்டும்.