இறந்தவர் வைத்த கடனும் வாரிசுதாரர் பொறுப்பும்

பென்னாகரம் வட்டாரத்து நிலங்களில் பெரும்பகுதி மானாவாரியேயாகும். காவிரியாறு ஒகேனக்கல்லில் அருவியாய் வீழ்ந்து அருகிலேயே ஓடினும், மேட்டு நிலக் குடியானவருக்கு அதனால் கிடைக்கும் பாசன அனுகூலம் சொற்பமே. ராகியும் சாமையும் நிலக்கடலையும் கொள்ளும் மழையை எதிர்பார்த்தே விதைக்கப்படுகின்றன. இத்தகைய பூமியில் விதைப்புக்குக் கடன் வாங்குவதும் அறுவடையில் அதைத் தீர்ப்பதும் வழக்கமாயிருப்பதில் வியப்பில்லை. விதைப்புக்கும் அறுவடைக்கும் இடையில் குடும்பத் தலைவர் காலமாகிவிட்டால் அந்தக் கடன் யார் தலையில் விழும் என்பதே இங்கு ஆராயப்படுவது.

இழவு வீட்டில் நடப்பது பலரும் கண்டதே. கருமாதி முடிந்து பந்தல் பிரிக்குமுன் கடன் கொடுத்தவர் வந்து திண்ணையில் அமர்கிறார். இறந்தவர் கையெழுத்திட்ட பிராமிசரி நோட்டை எடுத்துக் காட்டுகிறார். அசலோடு வட்டியையும் சேர்த்து, மகன் பெயரிலோ விதவை பெயரிலோ புதிய நோட்டு ஒன்று எழுதித்தரும்படி கேட்கிறார். “தகப்பன் பட்ட கடனைப் பிள்ளை ஏற்காவிட்டால் ஆத்துமா சாந்தியடையுமா?” என்று உறவினரும் எடுத்துச் சொல்கிறார்கள். துக்கத்தில் இருப்பவர் கணக்குப் பாராமல் கையெழுத்திட்டு விடுகிறார். நேரும் நஷ்டங்களில் பெரியது அந்தக் கையெழுத்தினால் விளைவதேயாகும்.

காரணம் யாதெனில், இறந்தவரின் கடன் சட்டப்படி அவருடைய சொத்தைத் தொடர்கிறதே அன்றி வாரிசின் உடலையும் உழைப்பையும் தொடர்வதில்லை. 1908-ஆம் வருஷத்துச் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 50, 52-ஆம் பிரிவுகள் இதைத் தெளிவாகக் கூறுகின்றன. இறந்தவருடைய சொத்தில் எவ்வளவு வாரிசின் கைக்கு வந்ததோ அவ்வளவுக்கே வாரிசு பொறுப்பாளி. ஆனால் வாரிசு தானே புதிய நோட்டு எழுதிக் கொடுத்தால் அது தகப்பனார் கடனாக நில்லாது. தன் சொந்தக் கடனாகிவிடும். அதன்பின் அவருடைய சம்பாத்தியம் முழுவதும் அதற்கு ஈடாகும். காலாவதியான கடனுங்கூட, எழுத்துமூலம் வாக்குக் கொடுத்துக் கையொப்பமிட்டால் உயிர்பெற்று எழும் என்று 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு சொல்லுகிறது. கேட்டவுடன் செலுத்துவதாக எழுதிய நோட்டுக்கு, இடையில் எழுத்துமூல ஒப்புதலோ வரவோ இல்லாவிடில், தேதியிலிருந்து மூன்று வருஷமே கெடு. கடன்பட்டவர் இறந்ததனால் அந்தக் கெடு நின்று விடுவதில்லை. ஆதலால் நோட்டின் தேதியைப் பாராமல் அதன்பேரில் ஒரு சிறு தொகையையும் வரவு வைத்துக் கையொப்பமிடலாகாது.

ஓர் உதாரணம் கொள்வோம். மானாவாரிக் குடியானவர் ஒருவர் விட்டுச்சென்ற சுயார்ஜித நிலம், கறவை மாடு, மோட்டார் முதலியவற்றின் மதிப்பு ரூ. 4 லட்சம். அவர் வைத்த கடன் ரூ. 5 லட்சம். தாய், மனைவி, ஒரு மகன், ஒரு மகள் ஆகிய நால்வரும் 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி சம பாகஸ்தர்கள். ஆளுக்கு ரூ. 1 லட்சம் பெறுமானமுள்ள சொத்தும், அந்த அளவுக்கே பொறுப்பும் சேரும். மிஞ்சிய ரூ. 1 லட்சம் கடன் கொடுத்தவருக்கு நஷ்டமே. இதனிடையில் திருப்பூரிலோ பெங்களூரிலோ கூலிவேலை செய்யும் மகன் ரூ. 2 லட்சத்துக்குப் புதிய நோட்டு எழுதித் தந்தால், தன் பாகத்தின் மதிப்பைப்போல் இருமடங்குக்குத் தானே கடனாளியாகிறான்.

முற்காலத்தில் நிலைமை வேறாயிருந்தது. மகன் வட்டியோடும் பேரன் அசலை மட்டும் செலுத்த வேண்டும் என்று ஸ்மிருதிகள் விதித்தன. ஆயினும் குடி, சூது முதலியவற்றுக்காகத் தகப்பன் பட்ட கடன் மகனைச் சேராது என்று அவையே விலக்கும் அளித்தன. அந்தத் தருமக் கடமையை நியாயஸ்தலங்கள் சட்டமாகவே கொண்டு, கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனுக்குரிய பாகத்தையும் தகப்பன் கடனுக்கு ஏலமிட இடந்தந்தன. 2005-ஆம் வருஷத்துத் திருத்தச் சட்டம் அந்த வருஷம் செப்டம்பர் 9-ந் தேதி முதல் இதற்கு முடிவு கட்டியது. தருமக் கடமை என்ற ஒரே காரணத்தால் மகன், பேரன், கொள்ளுப்பேரன் எவர்மீதும் இனி வழக்கு இல்லை. அதற்கு முன் ஏற்பட்ட கடன்களைத் திருத்தம் தொடவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது.

இங்கே பலர் தவறாக எண்ணுவது ஒன்றுண்டு. கிணறு வெட்டவும், விதை வாங்கவும், மகளுக்கு மணம் முடிக்கவும் குடும்ப மானேஜர் என்ற முறையில் தகப்பனார் வாங்கிய கடன், கூட்டுக் குடும்பச் சொத்தை இன்றும் கட்டுப்படுத்தும். நிலத்தை அடமானம் வைத்திருந்தால் அந்தப் பாரம் நிலத்தோடேயே செல்லும். நோட்டில் தாமும் சேர்ந்து கையெழுத்திட்டவரும், ஜாமீன் நின்றவரும் தப்புவதில்லை. அவர்களுடைய பொறுப்பு அவர்களுடையதே.

கடன்சுமையைக் குறைக்கச் சர்க்கார் தலையிட்டதும் புதிதல்ல. பென்னாகரம் சேலம் ஜில்லாவைச் சேர்ந்திருந்த காலத்தில், அதே ஜில்லாவில் பிறந்த ராஜாஜி பிரதம மந்திரியாயிருந்தபோது, 1938-ல் சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் பிறந்தது. 1932 அக்டோபர் 1-ந் தேதிக்கு முன் வாங்கிய கடன்களில் 1937 அக்டோபர் 1-ந் தேதி வரை நின்ற வட்டிப் பாக்கியை அது ரத்துச் செய்தது; அசலைப்போல் இருமடங்கு செலுத்தியிருந்தால் கடனே தீர்ந்ததாகக் கொண்டது. மாற்றி எழுதிய நோட்டுகளையும் துருவி, முதலில் கைக்கு வந்த அசல் எவ்வளவு என்று பார்க்கவும் வகைசெய்தது. நோட்டை மாற்றி எழுதும்போது வட்டி அசலாக வேஷம் போடுகிறது என்பதை அக்காலத்திலேயே நன்கு உணர்ந்திருந்தனர் போலும்.

ஆகவே வாரிசுதாரர் முதலில் செய்ய வேண்டுவது நோட்டு எழுதுவதன்று, ஜாபிதா எழுதுவது. இறந்தவரின் நிலம், கால்நடை, நகை, வங்கியிருப்பு, நிலத்தில் நிற்கும் பயிர், புளியமரக் குத்தகை வரவு, பிறர் அவருக்குத் தரவேண்டியது ஆகிய யாவற்றையும் மதிப்போடு எழுதி, இரண்டு பெரியவர்கள் சாட்சியாகக் கையொப்பமிடச் செய்தல் நலம். இது வீண் வேலையன்று. கைக்கு வந்த சொத்தை முறைப்படி செலவிட்டதாக வாரிசு நிரூபிக்கத் தவறினால், அந்த அளவுக்கு அவருடைய சொந்தச் சொத்தின்மீதே டிக்ரியை நிறைவேற்றலாம் என்று 52-ஆம் பிரிவு கூறுகிறது. ரோம சக்கரவர்த்தி ஜஸ்டினியன் 531-ஆம் வருஷத்திலேயே, ஜாபிதா எழுதும் வாரிசு சொத்தின் அளவுக்கு மேல் கொடுக்க வேண்டுவதில்லை என்று சட்டமியற்றினார்.

கடன்களுக்கும் இதேபோல் ஒரு ஜாபிதா வேண்டும். கடன் கொடுத்தவரிடம் அசல் நோட்டைக் காட்டும்படி கேட்பதில் அவமரியாதை ஏதுமில்லை. தேதி, அசல், வட்டி விகிதம், பின்புறம் எழுதிய வரவு ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, “சொத்துக் கணக்கு முடிந்தபின் பதில் சொல்லுகிறோம்” என்று அனுப்பிவிடலாம். வட்டி மிதமிஞ்சியிருந்தால் 2003-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டம் துணை நிற்கும். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று பெற்றால் பதிவான அடமானங்கள் வெளிப்படும். கூட்டுறவுச் சங்கத்திலும் பயிர்க்கடன், நகைக்கடன் பாக்கியை எழுத்தில் கேட்டுப் பெறவேண்டும். 2021-ல் தமிழக அரசு கூட்டுறவுப் பயிர்க்கடன் ரூ. 12,110 கோடியைத் தள்ளுபடி செய்தது. இறந்தவர் பெயர் அதில் அடங்கியிருந்ததா என்பதையும் விசாரித்துக்கொள்ளலாம்.

கடனைத் தீர்க்கும்போது ஈமச் செலவும் கடைசி நோயின் வைத்தியச் செலவும் முதலில் வரும். அடுத்து, சாவுக்கு முந்திய மூன்று மாதத்துக்குள் வேலை செய்த கூலியாட்களின் பாக்கி. மற்றக் கடன்கள் யாவும் விகிதப்படி. இது 1925-ஆம் வருஷத்து வாரிசுச் சட்டம் சொத்து நிர்வாகிகளுக்கு விதித்த வரிசை. குடும்பங்களும் இதைப் பின்பற்றுவது நன்று. கூச்சலிடுபவருக்கு முழுத்தொகையும், களையெடுத்த கூலிப்பெண்ணுக்குப் பூஜ்யமும் என்று முடியலாகாது. தகப்பனார் பெயர் நிலைக்க முழுக் கடனையும் தாமே தீர்க்க விரும்பும் மக்களும் உண்டு. அவ்விருப்பம் போற்றத்தக்கதே. எனினும் அதைக் கணக்குப் பார்த்தபின், ரொக்கமாய், ரசீது பெற்றுச் செய்தல் வேண்டும். புதிய நோட்டு எழுதிச் செய்தல் வேண்டாம்.

கிராம அதிகாரிகளின் பொறுப்பும் இதில் சிறிதன்று. 1980-ல் கர்ணம், மணியம் பதவிகள் ஒழிந்தபின் அவ்வேலைகள் கிராம நிர்வாக அலுவலரைச் சேர்ந்தன. தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ் அவருடைய விசாரணை அறிக்கையைப் பொறுத்தது; அது தாமதித்தால் வங்கியிருப்பும் நகையும் முடங்கிக் கிடக்க, வட்டி மட்டும் ஏறும். மணமாகிச் சென்ற மகள்களின் பெயரை அறிக்கையில் விட்டுவிடுவது, பின்னால் வழக்குக்கு வித்திடுவதாகும். மைனர் பிள்ளைகளின் பாகத்தைக் கோர்ட்டு அனுமதியின்றித் தாய் விற்றால், அந்த விற்பனை பிற்பாடு தள்ளப்படக்கூடும் என்பதையும் அவர் எடுத்துச் சொல்லலாம்.

இறந்தவருடைய பாஸ் புத்தகத்தையும் ஒருமுறை புரட்டிப் பார்த்தல் அவசியம். 2015-ல் தொடங்கிய பிரதம மந்திரி ஜீவன் ஜோதி காப்பீட்டின் பிரீமியம் வருஷத்துக்கு ஒருமுறை கணக்கிலிருந்து தானே கழிக்கப்படும். 2022 ஜூன் முதல் அது ரூ. 436 ஆயிற்று. அப்படி ஒரு கழிவு பாஸ் புத்தகத்தில் தென்பட்டால், ரூ. 2 லட்சம் காப்பீட்டுத் தொகைக்காக நியமனதாரர் மரணச் சான்றிதழோடு தாமதமின்றி வங்கிக்கு மனுச்செய்ய வேண்டும்.