தோளில் எழுதிய பெயர்

கட்டிடங்களுக்குப் பெயர் கிடைத்தது; முகங்களுக்குக் கிடைக்கவில்லை. சந்திரகிரியிலிருந்து திரும்பிப் பார்த்தால் தெரிகிறது, பழைய புகைப்பட மாணவர்களின் கதை.

சித்தூரிலோ திருப்பதியிலோ புகைப்படம் பயிலும் ஒருவரின் பழைய ஆல்பத்தைப் புரட்டினால், பெரும்பாலும் இரண்டு வகைப் படங்கள் தட்டுப்படும். ஒன்று, ஜன்னல் வெளிச்சத்தில் உட்காரவைத்து எடுத்த பாட்டியின் முகம். இன்னொன்று சந்திரகிரி ராஜ மகால். காரணம் எளிது. இரண்டுமே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. இரண்டுமே அதிகம் அசையாதவை.

திருப்பதியிலிருந்து சுமார் 12 கி.மீ. தூரத்தில், பாறைக் குன்றின் அடிவாரத்தில் நிற்கும் இந்த மூன்று மாடி அரண்மனையில் மரமே கிடையாது. கல், செங்கல், சுண்ணாம்புச் சாந்து, அவ்வளவுதான். கீழே வரிசையாக வளைவுகள், மேலே கோயில் விமானங்களை நினைவூட்டும் சிகரங்கள். நிழல் விழும் நேரத்தில் யார் எடுத்தாலும் படம் நன்றாக வந்துவிடும். அதுவே இதிலுள்ள ஆபத்தும்கூட.

இந்தக் கட்டிடத்தை அளந்து ஆராய்ந்து 1883இல் கட்டுரை எழுதியவர் ராபர்ட் சிஸம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தைக் கட்டிய அதே சிஸம்தான். சந்திரகிரி அப்போது வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது (சித்தூர் தனி மாவட்டமானது 1911இல்; சந்திரகிரி 2022இல் திருப்பதி மாவட்டத்துக்குப் போனது). கட்டுரை வந்தபோது சிஸம் சென்னைக் கலைப் பள்ளியின் தலைவராகவும் இருந்தார். தென்னிந்தியாவின் முதல் புகைப்பட மாணவர்களைத் தேடிப் போனால், வழி அந்தப் பள்ளியில்தான் முடிகிறது.

1850இல் அதைத் தொடங்கியவர் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற டாக்டர். இன்றைய சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி அதன் வாரிசு. 1850களிலேயே அங்கே புகைப்படம் எடுக்கக் கற்றுக்கொடுத்தார்கள். பொழுதுபோக்காக அல்ல, தொழிலாக. அங்கே பயின்ற சி. அய்யாசாமி, சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த கேப்டன் லினேயஸ் டிரைப்பிடம் உதவியாளரானார்.

டிரைப் 1858இல் ஸ்ரீரங்கம், மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றி எடுத்த படங்கள் இன்றும் அசரவைப்பவை. மெழுகேற்றிய காகிதம்தான் நெகடிவ். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டை மட்டும் 21 படங்களாக எடுத்து, ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். ஆனால் இந்தப் படங்களில் கோயில்கள் பெரும்பாலும் ஆளரவமற்றுக் கிடக்கின்றன. காகித நெகடிவுக்கு வெளிச்சம் நிமிடக் கணக்கில் தேவை. நடந்துபோகிறவர் அதில் பதியவே மாட்டார்; நின்று நகர்ந்தவர் வெறும் புகையாக மிஞ்சுவார். சிக்கனத்தின் பேரில் 1860இல் அரசு அந்த அலுவலகத்தையே மூடிவிட்டது.

மனிதர்கள் பிறகு வந்தார்கள், வேறு விதமாக. நீலகிரி கமிஷனர் ஜேம்ஸ் பிரீக்ஸ் அங்குள்ள பழங்குடிகளையும் பழஞ்சின்னங்களையும் பற்றி எழுதிய நூல், அவர் இறந்த பிறகு 1873இல் வெளியானது. அதற்குப் படம் எடுத்தவர்கள் சென்னைக் கலைப் பள்ளியினர். தோடர், கோத்தர், குறும்பர், இருளர் ஆகியோரின் முகங்கள் ஒரு பக்கம். கல்லறைகளும் கல்வட்டங்களும் இன்னொரு பக்கம். கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, ஈரம் காய்வதற்குள் எடுத்துக் கழுவியாக வேண்டிய காலம் அது. இருட்டுக் கூடாரத்தையும் மலைக்குச் சுமந்தாக வேண்டும். வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை, படத்தில் இருப்பவர் யார் என்ற இடத்தில் வருகிறது. அந்த நூலில் முகம் ஓர் இனத்தின் மாதிரி, அவ்வளவே. கல்வட்டத்தைப் போலவே அதுவும் வகைப்படுத்தப்பட்டது. எடுத்தவரும் பள்ளியின் பெயருக்குள் மறைந்துபோனார். அய்யாசாமியைப் போலப் பெயர் மிஞ்சியவர்கள் அபூர்வம்.

இந்த விஷயத்தில் திருமலைச் சிற்பிகள் முந்திக்கொண்டுவிட்டார்கள். கோயில் வாசலைத் தாண்டியதும் மண்டபத்தில் கிருஷ்ணதேவராயரும், திருமலாதேவி, சின்னாதேவி என்ற இரண்டு ராணிகளும் கைகூப்பி நிற்கிறார்கள். செப்புத் திருவுருவங்கள். ராயர் முதன்முதலாக இங்கே வந்தது 1513இல். மூவரின் தோளிலும் அவரவர் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. வரிசையில் நெருக்கியடித்துக்கொண்டு போகும் பக்தர்களில் எத்தனை பேர் கவனிக்கிறார்களோ!

அருகிலேயே இன்னொரு செப்புருவம், வேங்கடபதிராயர். சந்திரகிரியிலிருந்து ஆண்டவர் இவர். ஆக, ஒரே மனிதரின் முகம் மலைமேல் இருக்கிறது, வீடு மலையடியில். போர்ட்ரெய்ட்டும் கட்டிடக் கலையும் இவ்வளவு பக்கத்தில் அமைவது எந்த மாணவருக்கும் அதிர்ஷ்டம். ஆனால் இரண்டையும் சேர்த்து ஆல்பத்தில் வைக்க முடியாது. திருமலைக் கோயிலுக்குள் கேமராவுக்கும் செல்போனுக்கும் அனுமதி இல்லை.

மலையடியில் அந்தத் தடை இல்லை. ராஜ மகால் இன்று இந்தியத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். உள்ளே கிருஷ்ணதேவராயர், இரண்டு ராணிகளின் உருவங்களுக்கு நகல்கள் வைத்திருக்கிறார்கள், ஆளுயரத்தில்.